ஆடுகளத்தில் இருவர்: ஆதிமந்தி – ஆட்டனத்தி மரபில் கலை, காதல், காவிரி

முன்னுரை

கலைஞர்களாக விளங்கிய கணவன் மனைவியர் ஒருவர் கலையை மற்றவர் எவ்வாறு வளர்த்தனர், இயற்கையோடு எத்தகைய உறவு கொண்டிருந்தனர் என்னும் வினாக்கள் அண்மைக்கால இலக்கிய ஆய்வில் மிகுதியாக எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களுக்குச் சான்றாக மேலைநாட்டு எழுத்தாளர்களின் இல்லறமே பெரும்பாலும் காட்டப்படுகிறது. தமிழின் மிகப் பழைய தொகை நூல்களிலேயே இத்தகைய இணை ஒன்று இடம்பெற்றுள்ளது. ஆட்டனத்தி ஆடற்கலைஞன். ஆதிமந்தி ஆடுகளத்தைச் சேர்ந்தவள். ஆதிமந்தியார் என்னும் பெயரில் ஒரு பாடலும் கிடைத்துள்ளது. அவர்கள் வாழ்வில் மூன்றாவதாகப் புகுந்தது காவிரி ஆறு.

எனினும் தமிழ் இலக்கிய வரலாறுகளில் ஆதிமந்தி அறிமுகமாவது கரிகாலன் மகளாகவும், கணவனை ஆற்றில் இழந்து கற்பின் திறத்தால் மீட்ட பத்தினியாகவுமே. அவள் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட செய்தி பின்தள்ளப்பட்டுள்ளது. ஆதிமந்தியாரின் பாடல், பரணர், வெள்ளிவீதியார் ஆகியோரின் குறிப்புகள், சிலப்பதிகாரச் செய்தி ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்து நோக்கி, கலைஞர் இருவர் என்னும் நிலை எவ்வாறு படிப்படியாக மறைந்தது என்பதையும், அதனோடு காவிரியின் இயல்பு எவ்வாறு மாறியது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இணைக்கலைஞர் மரபு

சங்க காலத்தில் கலைஞர் குடும்பமாக இயங்கினர் என்பது ஆற்றுப்படை நூல்களால் அறியப்படும். பாணனுடன் பாடினியும், கூத்தருடன் விறலியரும் மலையும் காடும் வயலும் கடந்து செல்கின்றனர். இவ்விணையில் பெண் வெறும் வழித்துணையாக அமையவில்லை என்பதற்குப் புறநானூற்றின் பதினோராம் பாடல் தெளிவான சான்றாகும். பேய்மகள் இளவெயினியார் என்னும் பெண்பாற் புலவர் பாலை பாடிய பெருங்கடுங்கோவைப் பாடிய பாடல் அது. மன்னனின் மறத்தைப் பாடிய பாடினி பொன்னணிகளைப் பெறுகிறாள். அவள் பாட்டுக்கு இயைய இசைக்கும் பாணன் வெள்ளி நாரில் தொடுத்த பொற்றாமரையைப் பெறுகிறான். இங்குப் பாடினியே முன்னிலை பெறுகிறாள். பாணன் அவளுக்குத் துணை நிற்கிறான். பரிசிலும் குடும்பத்துக்கு ஒன்றாகத் தரப்படாமல் ஒவ்வொருவர் கலைக்கும் தனித்தனியே தரப்படுகிறது. இப்பாடலின் தொடக்கத்தில் வஞ்சி நகரத்து இளமகளிர் மணலில் பாவை செய்து, அதற்குப் பூக்கொய்து, பொருநை ஆற்றில் பாய்ந்து விளையாடும் காட்சி அமைந்திருப்பதும் நோக்கத்தக்கது. ஆறும் பாட்டும் ஒரே சூழலில் வைக்கப்பட்டுள்ளன.

கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையிலும் பாணனுக்குப் பொற்றாமரையும் பாடினிக்கு முத்தொடு கூடிய மாலையும் தரப்படுகின்றன. ஆதிமந்தியின் தந்தை எனப் பிற்கால மரபு குறிப்பிடும் மன்னனின் அவையிலேயே இணைக்கலைஞர் இருவரும் தனித்தனியே மதிக்கப்பட்டனர் என்பது இதனால் விளங்கும்.

அரசர் ஆடுவதும் அக்காலத்தில் இழிவாகக் கருதப்படவில்லை. ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் மகளிரொடு துணங்கை ஆடியதைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியுள்ளார் (பதிற். 52). ஆனால் அங்கு அரசி ஆடவில்லை. ஆடிய கணவனிடம் ஊடி, கையிலுள்ள குவளை மலரை அவன்மேல் எறிய ஓங்குகிறாள். கணவன் ஆட, மனைவி புறத்தே நின்று புலக்கும் அமைப்பு இது. ஆதிமந்தியாரின் பாடல் இவ்வமைப்பிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதைக் காண இவ்வொப்பீடு உதவும்.

ஆதிமந்தியாரின் தன்மொழி

குறுந்தொகையின் 31ஆம் பாடல் ஆதிமந்தியார் பெயரில் அமைந்துள்ளது. வீரர் திரண்ட விழாவிலும், மகளிர் கைகோத்து ஆடும் துணங்கையிலும், வேறெவ்விடத்தும் தன் தலைவனைக் காணவில்லை என்று தலைவி கூறுகிறாள். தானும் ஆடுகளத்துக்கு உரியவள் என்றும், தன் கைவளைகளை நெகிழச்செய்த பெருமைமிக்க தலைவனும் ஆடுகளத்துக்கு உரியவன் என்றும் அவள் முடிக்கிறாள். பாடலின் செய்தி இவ்வளவே. வேற்றார் மணம் பேச வந்தபோது தலைவி தன் களவைத் தோழிக்கு வெளிப்படுத்தி அறத்தொடு நின்றதாகப் பழைய கூற்றுக் குறிப்பு இதற்கு விளக்கம் தருகிறது.

இப்பாடலில் மூன்று செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, தலைவி தன்னையும் தலைவனையும் சுட்டும் தொடர்கள் இரண்டும் ஒரே வாய்பாட்டில் அமைந்துள்ளன. உம்மை இருவர்மேலும் ஏற்றப்பட்டுள்ளது. தலைவி தன்னை முதலிலும் தலைவனைப் பின்னும் வைக்கிறாள். தலைவனின் பெருமையைக் குறிக்கும் அடைமொழி இருப்பினும், அத்தொடரின் பயனிலையாக நிற்பது அவனது ஆடற்றொழிலே. குடிப்பிறப்பால் அவன் உயர்ந்தோனாக இருக்கலாம். இருவரையும் இணைப்பது ஆட்டமே.

இரண்டாவது, அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பிய விதி. ஆதிமந்தியார் இவ்விதியை மீறவில்லை. பெயர், ஊர், தந்தை ஆகிய எதனையும் அவர் கூறவில்லை. அவற்றை விலக்கிய பின்னர் எஞ்சிய ஒரே அடையாளமாக ஆடுகளத்தையே அவர் தேர்ந்தெடுத்துள்ளார். எந்த அடையாளத்தையும் சேர்க்காமலே அகப்பாடல் இயற்ற இயலும் என்பதால், இத்தேர்வு தற்செயலானதன்று எனக் கருத இடமுண்டு.

மூன்றாவது, தேடும் இடங்கள். தலைவி தேடியவை விழாக்களமும் துணங்கைக் களமும் ஆகும். கலைஞனைக் கலை நிகழும் இடத்திலேயே தேடும் உடன்கலைஞரின் அறிவு இதில் வெளிப்படுகிறது.

இப்பாடலைப் பாடியவரும் அகநானூற்றில் சுட்டப்படும் ஆதிமந்தியும் ஒருவரே எனப் பலரும் கொள்வர். பாடற்பொருளும் பெயரும் ஒத்துவருவது இதற்கு வலுவூட்டுகிறது. ஆயினும் கூற்றுக் குறிப்பைப் பின்பற்றினால் இது மணத்துக்கு முந்தைய களவுப் பாடலாகிறது. வாழ்க்கைச் செய்தியைப் பின்பற்றினால் கணவனை இழந்தவளின் தேடலாகிறது. வளை நெகிழ்தல் இரு நிலைகளுக்கும் பொருந்தும். ஆடுகளத்துக்கு உரியவள் என்பதற்கு, விழாவில் ஆடும் பெண்களுள் ஒருத்தி என்றே பொருள்கொண்டு தொழிற்கலைஞர் என்னும் பொருளை மறுப்பாரும் உளராகலாம். அவ்வாறு கொள்ளினும் இருவரும் ஆடுபவர் என்னும் சமநிலை மாறுவதில்லை. எந்த விளக்கத்திலும் நிலைத்து நிற்கும் செய்தி என்பதாலேயே அதற்கு ஆய்வில் முதலிடம் தரவேண்டியுள்ளது.

பரணர் காட்டும் காவிரி

ஆட்டனத்தி – ஆதிமந்தி செய்தியை மிகுதியாகக் கையாண்டவர் பரணர். அகநானூற்றில் 76, 135, 222, 236, 376, 396 ஆகிய பாடல்களில் இச்செய்தியை அவர் உவமையாக அமைத்துள்ளார். பெயர் சுட்டலாகாது என்னும் விதி உவமைக்குப் பொருந்தாமையால், ஆதிமந்தியார் மறைத்த பெயர்கள் இங்கு வெளிப்படுகின்றன.

அத்தியின் ஆட்டத்தைப் பரணர் கண்முன் நிறுத்துகிறார். கழார்ப் பெருந்துறையில் முழவின் முகம் உலராத அளவுக்கு ஆரவாரம் மிக்க விழா நிகழ்கிறது (அகம். 222). கரிகாலன் கண்டிருக்க, காலில் கழல் புரள, வயிற்றில் கருங்கச்சு விளங்க, பொன்னாலான பாண்டிலும் மணியும் ஒலிக்க அத்தி புனலில் ஆடுகிறான் (அகம். 376). ஆடுதல் என்னும் சொல் தமிழில் கூத்தையும் நீராட்டையும் ஒருசேரக் குறிப்பது. களத்தில் ஆடுவதற்கும் புனலில் ஆடுவதற்கும் இடையே மொழி வேலியிடவில்லை. கழார்த் துறையில் அத்தி நிகழ்த்தியது இவ்விரண்டும் கலந்த ஒன்று. ஆகவே அவனது கலைக்கு ஆறு பின்புலமாக மட்டும் நிற்கவில்லை. அதுவே அவனது மேடையாகவும் உடன் ஆடுவதாகவும் அமைகிறது.

காவிரி அவனைக் கவர்ந்ததற்குப் பரணர் கூறும் காரணம் சிறப்பானது. வெள்ளப்பெருக்கு என்றோ ஊழ் என்றோ அவர் கூறவில்லை. அவனது அழகை விரும்பியது (அகம். 222), ஒப்பனையை நயந்தது (அகம். 376), ஆடற்கோலத்தை நச்சியது (அகம். 396) என்றே கூறுகிறார். தாழ்ந்த கரிய கூந்தலை உடைய பெண்ணாகக் காவிரி உருப்பெறுகிறது. அது விரும்பியது அரசனை அன்று, ஆடுபவனை. கலைக்கு உருகும் சுவைஞராகவும், அச்சுவையின் மிகுதியால் கலைஞனையே விழுங்கும் ஆற்றலாகவும் இயற்கை காட்டப்படுகிறது. இயற்கையோடு ஒன்றுதல் இனிமை மட்டுமே தருவது என்னும் எளிய கருத்துக்கு இச்செய்தி இடந்தரவில்லை. ஒன்றுதலில் அழிவும் அடங்கியுள்ளது.

இவ்வுவமை இடத்துக்கேற்ப மாறுவதும் நோக்கத்தக்கது. 76ஆம் பாடலில் பேசுபவள் பரத்தை. ஆதிமந்தி கலங்கி அழுமாறு கரையை உடைத்துக் கிழக்கு நோக்கிப் பாய்ந்த காவிரியைப்போலத் தலைவனைக் கைப்பற்றிக்கொள்ளத் தான் எண்ணியதாக அவள் கூறுகிறாள். இங்குக் காவிரி பரத்தைக்கு உவமை. 396ஆம் பாடலிலோ, காவிரி அத்தியைக் கொண்டு ஒளித்ததுபோல உன் மனையாள் உன்னைக் கவர்ந்துகொள்வாள் என்று அஞ்சுவதாகத் தலைவனிடம் கூறப்படுகிறது. இங்குக் காவிரி மனைவிக்கு உவமை. ஒரே ஆறு ஓரிடத்தில் பரத்தையாகவும் மற்றோரிடத்தில் மனைவியாகவும் அமைகிறது. எனவே பரணரின் காவிரியை நன்மை, தீமை என்னும் அளவுகோலால் அளத்தல் பொருந்தாது. உடைமையாக்கிக்கொள்ளும் விருப்பம் யாரிடம் தோன்றினும் அது காவிரியாகிறது.

ஆயினும் பரணரின் பாடல்களில் ஓர் இழப்பும் நேர்கிறது. ஆடுபவனாக அத்தி மட்டுமே காட்டப்படுகிறான். ஆதிமந்தி ஆடியதாக ஓரிடத்தும் குறிப்பில்லை. அவள் அறிவு திரிந்தவளாகவும் (அகம். 135), நாடுதோறும் ஊர்தோறும் வினவி, கடல் கொண்டதோ புனல் ஒளித்ததோ எனக் கலுழ்ந்த கண்ணினளாகவும் (அகம். 236) வருகிறாள். 76ஆம் பாடலில் கச்சும் கழலும் தாரும் அணிந்த சுருள்முடிப் பொருநனைக் கண்டீரோ என அவள் வினவுவதில் மட்டும் உடன்கலைஞரின் கண் எஞ்சியிருக்கிறது. அவள் கணவனின் அடையாளமாகக் கூறுவன யாவும் ஆடற்கோலமே.

222ஆம் பாடலில் மருதி என்னும் பெண் ஆதிமந்திக்குக் காதலனைக் காட்டிவிட்டுத் தான் கடலில் புகுகிறாள். பாடப்பெறும் சிறப்புடையவள் எனப் பரணர் அவளைக் குறிப்பிடுகிறார். தலைவி தன் தோழியை நோக்கி, மருதி பெற்ற புகழை நீயும் பெறுவாயாக என்பதே பாடலின் கருத்து. ஆகவே இழந்தவனை மீட்டுத் தந்தது மற்றொரு பெண்ணின் தோழமை என்பதே பழைய செய்தி.

பெண்பாற் புலவர் தொடர்ச்சி

அகநானூற்றின் 45ஆம் பாடலில் வெள்ளிவீதியார், காதலனை இழந்த ஆதிமந்திபோலத் தானும் கலங்கி அலைவேனோ என வினவுகிறார். 147ஆம் பாடலில் ஔவையாரோ, வெள்ளிவீதியைப்போலத் தானும் செல்லத் துணிந்ததாகக் கூறுகிறார். ஆதிமந்தியை வெள்ளிவீதியாரும், வெள்ளிவீதியாரை ஔவையாரும் சுட்டுவதால் மூன்று பெண்பாற் புலவர் ஒரு தொடராக இணைகின்றனர்.

இத்தொடரில் உணர்வு வளர்ந்து செல்வதைக் காணலாம். ஆதிமந்தியாரிடம் தேடல் உள்ளது. வெள்ளிவீதியாரிடம் அத்தேடலின் விளைவு குறித்த அச்சம் உள்ளது. ஔவையாரிடம் அச்சம் நீங்கிப் புறப்படும் துணிவு உள்ளது. கலங்கி அலைதல் என்று முதலில் கூறப்பட்டது இறுதியில் தானே மேற்கொள்ளும் பயணமாக மாறுகிறது. மேலும், நாடு நாடாக, ஊர் ஊராகத் தேடினால் காதலர் அகப்படாமல் போவாரோ என உறுதிகூறும் குறுந்தொகைப் பாடல் (130) வெள்ளிவீதியாருடையது. பரணர் ஆதிமந்தியின் அலைச்சலுக்குக் கையாளும் அதே வாய்பாட்டை வெள்ளிவீதியார் நம்பிக்கைக்குக் கையாளுகிறார். ஒருவர் வாழ்வு மற்றொருவர் படைப்புக்கு ஊக்கமாவது என்பது இணையரிடையே மட்டும் நிகழ்வதன்று. தலைமுறை கடந்து பெண்பாற் புலவரிடையேயும் நிகழ்ந்துள்ளது. அத்தியின் ஆட்டம் ஆற்றோடு மறைந்தது. ஆதிமந்தியின் சொல் பின்வந்தோரிடம் தொடர்ந்தது.

சிலப்பதிகார மாற்றம்

சிலப்பதிகாரத்தின் வஞ்சினமாலையில் கண்ணகி புகார் நகரத்துப் பத்தினிப் பெண்டிர் எழுவரைக் குறிப்பிடுகிறாள். அவருள் ஒருத்தி கரிகாலன் மகள். வஞ்சி நாட்டு அரசனைப் புனல் கொண்டுசெல்ல, அவள் புனலின் பின் சென்று அவன் தோள்வலியைச் சொல்லி அழைக்க, கடல் அவனை முன்னிறுத்திக் காட்டுகிறது. அவள் அவனைத் தழுவிக்கொண்டு பொற்கொடிபோல மீள்கிறாள்.

இங்கு நிகழ்ந்த மாற்றங்கள் நான்கு. ஆதிமந்தி, அத்தி என்னும் பெயர்கள் நீங்கி, தந்தையின் பெயராலும் நாட்டின் பெயராலும் இருவரும் சுட்டப்படுகின்றனர். இருவர் ஆட்டமும் முற்றிலும் மறைந்து, ஆடுபவன் அரசனாகிறான். மருதி நீக்கப்பட்டு, அவள் செய்த செயலைக் கடல் செய்கிறது. இறுதியாக, இயற்கையின் நிலை மாறுகிறது. விருப்பமும் வேட்கையும் கொண்டிருந்த நீர் இங்குக் கற்புக்கு ஏவல் செய்கிறது.

இம்மாற்றத்தைக் காப்பியத்தின் குறையாகக் கொள்ளவேண்டியதில்லை. மதுரையில் நீதி கேட்டு வென்ற கண்ணகி, தான் பிறந்த நகரின் பத்தினியரை எடுத்துக்கூறித் தன் வஞ்சினத்துக்கு வலிமை தேடும் இடம் அது. அவ்விடத்துக்கு வேண்டியது பத்தினியின் ஆற்றலே. கணவனை மீளப்பெற்ற பெண்ணை, கணவனை மீளப்பெற இயலாத பெண் நினைவுகூரும் அவலமும் அதில் அடங்கியுள்ளது. காப்பியத்தின் தேவைக்கு ஏற்ப அமைந்த இவ்வடிவத்தையே ஆதிமந்தியின் முழு வரலாறாகப் பிற்காலத்தார் கொண்டதுதான் சிக்கலுக்குக் காரணம். தொகை நூல்கள் பதிப்பு வடிவம் பெற்ற பின்னரும் (குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இலும், உ.வே. சாமிநாதையர் 1937இலும் பதிப்பித்தனர்) காப்பியம் தந்த படிமமே மேலோங்கி நின்றது.

இருபதாம் நூற்றாண்டில் பாரதிதாசன் ‘சேரதாண்டவம்’ நாடகத்திலும், கண்ணதாசன் ‘ஆட்டனத்தி ஆதிமந்தி’ காவியத்திலும் இச்செய்தியைப் புதுப்பித்தனர். 1960இல் வெளிவந்த ‘மன்னாதி மன்னன்’ திரைப்படமும் இதனைத் தழுவியதே. ஆடலை மீண்டும் பொதுமக்கள் நினைவுக்குக் கொண்டுவந்த பணி இவற்றுக்கு உண்டு. தமிழகத்துக்கு வெளியே இப்பாடல் அறிமுகமானது வேறு வழியில். மைசூரில் பிறந்த ஏ.கே. இராமானுசன் 1967இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு நூலில் குறுந்தொகைப் பாடல் இடம்பெற்றது. கரிகாலன் கதையையோ பத்தினிக் கதையையோ அறியாத வாசகர் ஒருவர் அப்பாடலை மட்டும் படிப்பாராயின், அவர் சந்திப்பது தன்னையும் காதலனையும் ஆடுபவராக அறிவிக்கும் ஒரு பெண்குரலையே. மரபறிந்த தமிழ் மாணவர் பலர் அக்குரலைக் கேட்கும் முன்பே பத்தினியைக் கண்டுவிடுகின்றனர். மரபறிவு சில நேரங்களில் மூலத்தை மறைக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

முடிவுரை

ஆதிமந்தியார் – ஆட்டனத்தி இணையின் கலைவாழ்வு குறித்துக் கிடைக்கும் சான்றுகள் மிகச் சிலவே. அவர்கள் சேர்ந்து ஆடினரா, ஒருவர் கலையை மற்றவர் திருத்தினரா என்பவற்றுக்கு விடை காணச் சான்றில்லை. கற்பனையால் அவ்விடத்தை நிரப்புதல் ஆய்வுக்குப் பொருந்தாது. உறுதியாகக் கூறக்கூடியவை இவை: ஆதிமந்தியார் தம் பாடலில் காதலின் அடிப்படையாகக் கலைச்சமன்மையை வைத்தார், பரணர் ஆற்றை ஆடற்கலையின் வேட்கைமிக்க சுவைஞராக்கி, ஆதிமந்தியை இழந்தவளாகக் காட்டினார், வெள்ளிவீதியாரும் ஔவையாரும் அவ்விழப்பைத் துணிவாக வளர்த்தனர், சிலப்பதிகாரம் கலையையும் தோழமையையும் நீக்கி, இயற்கையைக் கற்பின்கீழ் வைத்தது.

ஆகவே ஆதிமந்தியைப் பாடத்திட்டங்களிலும் இலக்கிய வரலாறுகளிலும் அறிமுகம் செய்யுமிடத்துக் குறுந்தொகைப் பாடலே முதலில் வைக்கப்பட வேண்டும். கரிகாலன் மகள், சேரன் மனைவி, பத்தினி என்பன பிறர் அவளுக்குத் தந்த பெயர்கள். பெயர் கூறக்கூடாத இடத்தில் அவள் தனக்குத் தானே தந்துகொண்ட அடையாளம் ஆடுகளம் ஒன்றே. இணைக்கலைஞர் குறித்த ஆய்வு தமிழில் அவ்வடையாளத்திலிருந்து தொடங்குவதே முறையாகும்.